சோப்புத் தண்ணீர் போடாத ஞாயிறு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை ஒளித்துவிட்டு எழுதினால் மற்ற எதுவும் விளங்காது. கொச்சி மட்டாஞ்சேரியில் என் ஷெட்டுக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள். வண்டி என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். "டர்போ போயிருச்சுன்னு நெனக்கிறேன்" என்று யாராவது ஆரம்பித்தால், "அப்ப நீங்களே கழட்டுங்க, ஸ்பானர் அந்தா கெடக்கு" என்பேன். வேலை சுத்தமாக இருக்கும் என்பதால் என் வாயைப் பொறுத்துக்கொண்டார்கள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டர்போ வைத்த டீசல் கார்கள்தான் என் பிழைப்பு. கலூரிலிருந்தும் வைப்பினிலிருந்தும்கூட வண்டி வரும். எல்லாம் என் காதுக்காக.

டர்போ என்பது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிற சாமான். அந்தக் காற்று இரண்டு மூன்று ரப்பர் ஹோஸ் வழியாக, நடுவில் ஒரு கூலரையும் சுற்றிக்கொண்டு போகும். வழியில் எங்கேயாவது ஒரு கீறல் விழுந்தால் போதும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் யோசிக்கும், பின்னால் கரும்புகை தள்ளும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஸ்கேனரை மாட்டினால் காற்றழுத்தம் குறைவு என்று மட்டும் காட்டும். எங்கே போகிறது என்பதை அது சொல்லாது, நாம்தான் தேட வேண்டும். பெரிய வொர்க்‌ஷாப்பில் தேட மாட்டார்கள், டர்போவை மாற்று என்று ஒரே போடாகப் போடுவார்கள்.

நான் தேடுகிற முறை இதுதான். டர்போவுக்குள் காற்று நுழைகிற வாயை ஒரு பி.வி.சி. மூடியால் அடைப்பேன். அந்த மூடியில் சைக்கிள் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறேன். இன்ஜினை நிறுத்திவிட்டு, வால்வு வழியாகக் கம்ப்ரசர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். பிறகு ஒரு முழ நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு ஜாயின்டாக நகர்த்துவேன். ஓட்டை இருக்கிற இடத்தில் சீ என்று மெல்லியதாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் பிடிப்பதில் கொச்சியில் எனக்கு ஈடு யாருமில்லை என்று ஒரு காலத்தில் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொல்லிக்கொண்டேன்.

மற்ற ஷெட்டுகளில் இதற்குச் சோப்புத் தண்ணீரைத்தான் அடிப்பார்கள். குமிழி வருகிற இடத்தில் ஓட்டை. அடுத்த தெருவில் ஒருவர் அப்படிச் செய்வதைப் பார்த்து, "என்ன மேஸ்திரி, வண்டிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுதீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அந்த மனிதருக்குக் குளிப்பாட்டி மேஸ்திரி என்று பெயரே விழுந்துவிட்டது. சாயாக்கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். வைத்தவன் நான்.

இப்படி வாய்க்கொழுப்பாகத் திரிந்தவனுக்குத்தான் காது போனது. கம்ப்ரசரும் கிரைண்டரும் இருபது வருஷமாகப் பக்கத்தில் அலறினால் என்ன ஆகும்? முதலில் கொசு. கடிக்கும், தடிக்கும், ஆனால் ரீங்காரம் கேட்காது. அப்புறம் காரில் இண்டிகேட்டர் போட்டால் வருகிற டக் டக் சத்தம் நின்றது. வீட்டில் குக்கர் கத்திக்கொண்டிருக்க நான் அதன் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், என் மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, "காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" என்றாள். ஆள் பேசுவது நன்றாகக் கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. காற்று சீறுகிற சத்தமும் அதில் போயிற்று.

டாக்டரிடம் போகவில்லை. போனால் அது உண்மையாகிவிடுமே என்ற பயம். ஒரு பிளாஸ்டிக் ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து பழைய பேட்டரிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். வண்டிக்காரரை, "சாயா குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் அடித்துப் பார்ப்பேன். குமிழி வருகிற இடத்தைக் குறித்துக்கொண்டு துடைத்துவிடுவேன். அவர் திரும்பி வந்ததும் காதில் டியூபை வைத்துக் கொஞ்ச நேரம் நடித்துவிட்டு, "இந்தா, இங்கன போகுது" என்று விரலை வைப்பேன். இரண்டு வருஷம் இந்த நாடகம் ஓடியது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாவுக்கடைக்காரர் வந்தார். இங்கேயே மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். இட்லி மாவு அரைத்து மட்டாஞ்சேரி முழுக்க விற்கிறார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாது. திங்கள், புதன், வெள்ளி, வாரம் மூன்று நாள் பாலம் தாண்டி எர்ணாகுளம் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அதற்காகவே அந்தப் பழைய டர்போ டீசல் காரை வாங்கியிருந்தார். மாவு கொண்டுபோவதற்கும் அதுதான்.

"மேஸ்திரி, பாலம் ஏறும்போ வண்டி மூச்சு முட்டுது. மிதிச்சா போகல, நிக்குது, அப்புறம் குதிக்குது" என்றார். "நாளைக்கு ஹர்த்தால். ஆட்டோ, பஸ் ஒண்ணும் ஓடாது. திங்களாழ்ச்ச இவளுக்கு டயாலிசிஸ் முடக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை செஞ்சதுதான், நடுவில ரெண்டு நாளு போயாச்சு. ஹர்த்தால்னு நாளைக்கு ஒரே ஷிப்டுதான் வெச்சிருக்காங்க. காலையில ஆறரைக்குள்ள போய்ப் படுத்துரணும்."

"அண்ணே, இன்னைக்கு முடிச்சுக் கையில குடுக்கேன். கவலய விடுங்க" என்றேன்.

அவர் மனைவியும் கூடவே வந்திருந்தார். கணவருக்கு வண்டியைப் பற்றிச் சரியாகச் சொல்லத் தெரியாது, நான் சொல்கிறேன் என்று அவரே வந்தாராம். முகம் ஊதி, கால்கள் செருப்புக்குள் அடங்காமல் இருந்தன. நாற்காலியைப் போட்டதும் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்கேனரில் அழுத்தம் குறைவு என்று வந்தது. பானெட்டைத் திறந்து பார்த்ததும் டர்போவைக் கட்டுப்படுத்துகிற மெல்லிய வேக்கூம் டியூப் ஒன்று உலர்ந்து வெடித்திருப்பது கண்ணிலேயே பட்டது. மாற்றினேன். அது ஒரு கோளாறு, நிச்சயமாக. ஆனால் ஒரு கோளாறு அகப்பட்டால் இன்னொன்று இருக்காது என்று கிடையாது. இந்தப் பக்கத்து வண்டிகளில் வேலியேற்றத்தின்போது, அதாவது கடல் பொங்கும்போது, தெருவில் ஏறுகிற உப்புத் தண்ணீர் அடியில் இருக்கிற ஹோஸையும் கிளாம்பையும் தின்றுவிடும். அதனால் காற்று ஏற்றிப் பார்க்காமல் எந்த வண்டியையும் வெளியே விட்டதில்லை. அன்றும் மூடியை மாட்டிக் காற்று ஏற்றினேன்.

பிறகு வழக்கம்போல, "அண்ணே, அக்காவக் கூட்டிட்டுப் போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க" என்றேன்.

"இவளால நடக்கப் பற்றாது மேஸ்திரி. சாயாவும் குடிக்கக் கூடாது, தண்ணி அளவுதான். சாரமில்ல, பரவால்ல, இங்கேயே இருக்கோம்" என்றார்.

பேட்டரிகளுக்குப் பின்னால் ஸ்ப்ரே பாட்டில் இருந்தது. நான்கடி தூரம். எடுத்து அடித்திருந்தால் ஐந்து நிமிஷம். மாவுக்கடைக்கு வராத ஆள் மட்டாஞ்சேரியில் இல்லை, மறுநாளே விஷயம் சாயாக்கடைக்குப் போய்விடும், குளிப்பாட்டிப் பட்டம் எனக்குத் திரும்பி வரும். இதைத்தான் நான் யோசித்தேன். நாளைக்குப் பாலம் ஏற வேண்டிய அந்த அம்மாவை யோசிக்கவில்லை. நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

டியூபைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்தேன். மேல் ஹோஸ், கூலரின் மேல் வாய், அடி ஹோஸ் என்று வரிசையாக நகர்த்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே முகத்தைச் சுளித்து, தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்பவன் மாதிரி நின்றேன்.

"மேஸ்திரி, அடியில எங்கியோ காத்து போற சத்தம் கேக்குதே" என்றார் அந்த அம்மா.

எனக்குச் சுரீர் என்றது. அவர் சொன்னது பொய்யாக இருக்காது என்று அந்த நொடியே தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம். "அக்கா, நீங்க ஆஸ்பத்திரியில டாக்டருக்கு இப்பிடித்தான் சொல்லிக் குடுப்பீகளா? அது இன்ஜினுக்குள்ள போற காத்து. இருபது வருஷமா இதத்தான் பண்ணுதேன், செத்தச் சும்மா இருங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இல்ல, கேட்ட மாதிரி இருந்துச்சு, அதான்" என்று புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். கணவர் தரையைப் பார்த்தார். நிறுத்திய இன்ஜினுக்குள்ளும் காற்று கொஞ்சம் கசிகிற சத்தம் வருவது உண்மைதான். அதனால் நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்று மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தோப்பும்படி வரை தனியாக ஓட்டிப் பார்த்தேன். வேக்கூம் டியூப் மாற்றியதால் வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தது. சமதரை, ஒற்றை ஆள். பாலம் வரை போகவில்லை. "பறக்கும் போங்க" என்று சாவியைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முன்னால் மாவுக்கடைக்காரர் போன் செய்தார். "மேஸ்திரி, பாலத்தில ஏறும்போ டப்புனு ஒரு சத்தம். வண்டி நின்னுபோச்சு. ஸ்டார்ட் ஆகுது, கரும்புகையா தள்ளுது, ஏறல." ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்றாம், எங்கேயோ வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்களாம்.

ஸ்கூட்டரில் பறந்தேன். ஹர்த்தால் என்பதால் ஒரு கடை திறந்திருக்கவில்லை, வழியில் ஒரு வண்டி இல்லை. பாலத்து ஏற்றத்தில் அந்தக் கார் மட்டும் ஓரமாக நின்றது. அதைக் கடந்து போக ஒரு லாரிகூட வரவில்லை. பின்சீட்டில் அந்த அம்மா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், ஸ்கூட்டரில் ஏற்றிப் போகிற நிலையிலும் இல்லை.

வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். கூலரின் அடி ஹோஸ் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. நேற்று நான் டியூப் முனையை வைத்து நின்ற அதே இடம். கிழிசலின் ஒரு ஓரம் எண்ணெய் படிந்து பழையதாக இருந்தது, மற்றது புதிது. பழைய கீறல் நேற்றும் இருந்திருக்கிறது.

ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்த பழைய டியூபைக் கீற்றாக வெட்டி ஹோஸைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். "அண்ணே, எடுங்க" என்றேன். வண்டி ஐம்பது அடி ஏறியது, கட்டுப் பிய்ந்தது. இன்னொரு தடவை கட்டினேன். அதுவும் பிய்ந்தது. நான் அடியிலிருந்து எழுந்தபோது அந்த அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "சாரமில்ல மேஸ்திரி, நீங்க என்ன செய்வீங்க" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்தார். எனக்கு அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வரவே இல்லை, ஏழே முக்கால் மணிக்கு ஒரு போலீஸ் ஜீப்தான் வந்தது. இருவரையும் ஏற்றி தேவரா வழியாகக் கொண்டுபோனார்கள். நான் சாவியோடு பாலத்திலேயே நின்றேன்.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆறரைக்கே எல்லா மெஷினிலும் ஆள் படுத்துவிட்டார்கள். ஒரு மெஷின் காலியாகப் பதினொன்றாகும் என்று ஆக்சிஜன் வைத்துக் காத்திருக்க வைத்தார்கள். பாதியில் ஒருவரை இறக்கிவிட்டு இவரை ஏற்றுவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதே இதயம் நின்றுவிட்டது. மணி பத்தே கால். ஆறரைக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மாவுக்கடைக்காரர் டாக்டரிடம் கேட்டாராம். டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லையாம், தோளைத் தொட்டுவிட்டுப் போனாராம்.

காரை மறுநாள் கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு புது ஹோஸ் வாங்கிவைத்தேன், மாட்டவில்லை. மூடியை மாட்டிக் காற்று ஏற்றி, கிழிந்த ஹோஸுக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். அது உஸ் என்று கொட்டியது, இவ்வளவு பெரிய கிழிசல் எனக்கும் கேட்டது. உள்ளங்கையால் பழைய கீறலை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பொத்தினேன். எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கு நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து மாவுக்கடைக்காரர் வந்தார். மொட்டையடித்த தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. மாவு கொண்டுபோக வண்டி வேண்டும் என்றார். எத்தனை நேரமாகும் என்று கேட்டார்.

"அரை மணி நேரம்ணே. ஒரு ஹோஸ்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

அவர் காரின் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பானெட்டைத் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மேஸ்திரி, யார்ட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொல்றேன். ஞாயித்துக்கிழமை இங்கேர்ந்து வீட்டுக்குப் போகும்போ, அவ திரும்பவும் சொன்னா. அந்தச் சத்தம் இன்னும் இருக்கு, திரும்பிப் போய்க் காட்டுவோம்னு சொன்னா. நான்தான் வேண்டாம்னேன். நீங்க ஏற்கெனவே ஒரு தடவ சொல்லிட்டீங்க, மறுபடியும் போனா கோவிச்சுக்குவீங்க, அவளத் திட்டுவீங்கன்னு பயந்துட்டேன். நாளைக்கு ஒரு நாள் போய்ட்டு வந்திருவோம், புதன்கிழமை காட்டலாம்னு சொன்னேன். அவ அப்புறம் வாயத் தொறந்து ஒண்ணும் மிண்டல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவளக் கொன்னது நான்தான் மேஸ்திரி. திருப்பியிருந்தா நீங்க பாத்திருப்பீங்க. உங்க காதுக்குத் தப்புமா?"

காது கேட்காது எனக்கு, உங்கள் மனைவி சொன்னது சரி என்று அப்போதே தெரியும், மானம் போகுமே என்று மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். மூன்று வாக்கியம். சொன்னால் அவர் என்னை அடித்திருப்பார், அல்லது அடிக்காமல் போயிருப்பார். எதுவானாலும் அவர் மனசிலிருந்து அந்தப் பாரம் இறங்கியிருக்கும்.

"விடுங்கண்ணே. அப்பிடியெல்லாம் நெனைக்காதீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் குனிந்து ஹோஸை மாட்டினேன், கிளாம்பை இறுக்கினேன். அவர் எதிரிலேயே ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துச் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

காது மெஷின் வாங்கிவிட்டேன். வேலை செய்யும்போது வைத்துக்கொள்கிறேன், யார் பார்த்தாலும் கவலையில்லை. இப்போது யாரையும் திட்டுவதும் இல்லை. மாவுக்கடைக்காரர் வாரத்துக்கு ஒரு தடவை இந்த வழியாகப் போகும்போது ஷெட்டுக்குள் வந்து சும்மா நிற்பார். போன வாரமும் வந்தார். "அன்னைக்கு நான் வண்டியத் திருப்பியிருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் போனார். மெஷின் இருந்ததால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அன்றும் நான் அவரிடம் சொல்லவில்லை.